ஜுருவின் பட்டறைகளும் மிஸ்ஸடிக்கும் எஞ்சின்களும்

நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று எரியாமல் போனால் வண்டி நின்றுவிடாது. மிச்சம் மூன்றை வைத்துக்கொண்டு எப்படியோ ஓடும். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும், மேட்டில் இழுக்காது, பெட்ரோல் கூடக் குடிக்கும், புகைக்குழாய்ப் பக்கம் எரியாத பெட்ரோல் வாடை அடிக்கும். ஆனால் ஓடும். ‘ஓடுதே, அடுத்த சம்பளத்துக்குப் பார்த்துக்கலாம்’ என்று ஆட்கள் விட்டுவிடுவார்கள். மிஸ்ஸடிக்கும் வண்டி பட்டறைக்கு எப்போதும் தாமதமாகவே வந்துசேரும். மலேசியாவில், பினாங்கின் நிலப்பரப்புப் பக்கமான செபராங் பிறையில் இருக்கிற ஜுருவில் என் காலம் பெரும்பாலும் இப்படித் தாமதமாக வந்த வண்டிகளோடுதான் போனது.

வெளியூர்க்காரர்களுக்கு ஜுரு என்றால் சுங்கச்சாவடிதான் ஞாபகம் வரும். 1994இல் முழுதாகத் திறந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலை கொடுத்த அடையாளம் அது. அதற்கு முன்பும் இது வழியில் இருக்கிற ஊர்தான். பழைய ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலை பட்டர்வொர்த், பிறை பக்கமிருந்து வந்து, ஜுருவைத் தொட்டுக்கொண்டு சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப், நிபோங் திபால் என்று தெற்கே இறங்கும். சாலைக்கு இரண்டு பக்கமும் தோட்டங்கள். ஜுரு தோட்டத்தின் பேரில் தமிழ்ப்பள்ளி இன்றும் இருக்கிறது. வழியில் இருக்கிற ஊரில் வண்டி கெட்டுப்போகும்; வண்டி கெட்டுப்போகும் இடத்தில் பட்டறை வரும். ஜுருவின் பட்டறை வரலாற்றை யாராவது எழுதினால் முதல் வரி இதுவாகத்தான் இருக்கும்.

செபராங் பிறையை வெள்ளைக்காரன் காலத்தில் வெல்லெஸ்லி மாநிலம் என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம்மாட்கள் அந்தக் கரும்பு வெட்டத்தான் முதலில் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கரும்பு போய் ரப்பர் வந்தது. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்ட் 1908இல் டி மாடல் காரை இறக்கினார். 1910இல் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியது. டயருக்குப் பால் வெட்டியவர்கள் நம்மாட்கள், டயரின் மேல் உட்கார்ந்து போனவர் துரை. ஆனால் துரையின் காரை ஓட்டவும் கழுவவும் கெட்டால் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆள் பெரும்பாலும் தமிழர்.

அவருக்கு ரிப்பேர் தெரிந்தே ஆகவேண்டும். நல்ல பட்டறை வேண்டுமென்றால் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்குப் போகவேண்டும், நடுவில் கடல். கார் ஏற்றும் ஃபெர்ரியே 1925இல்தான் வந்தது. தோட்டத்து மண்பாதையில் எஞ்சின் மக்கர் பண்ணினால் டிரைவர் அங்கேயே குந்தி உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். தோட்ட டிரைவர்களும் ரப்பர் ஸ்டோரில் எஞ்சின் பார்த்த ஃபிட்டர்களும்தான் எங்கள் பக்கத்து முதல் தலைமுறை மெக்கானிக்குகள். சான்றிதழ் எதுவும் கிடையாது. சம்பளச் சீட்டில்கூட மெக்கானிக் என்று எழுதியிருக்காது.

என் அப்பா தோட்டத்து லோரி டிரைவர். சீட்டுக்கு அடியில் ஒரு புகையிலை டின் வைத்திருப்பார். அதில் ஒரு ஃபீலர் கேஜ், உப்புத்தாள் ஒரு துண்டு, பழைய பாயிண்டு ஒரு ஜோடி, துணியில் சுற்றிய கண்டன்சர் ஒன்று. அந்தக் காலத்து மிஸ்ஸிங்கில் முக்கால்வாசியை அந்த டின் தீர்த்துவிடும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910இல் காடிலாக் காருக்கென்று அமைத்த பற்றவைப்பு முறைதான் மோரிஸ் மைனரிலும் ஆஸ்டினிலும் ஃபோர்ட் ஆங்கிலியாவிலும், பிறகு வந்த டட்சுனிலும் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு சின்ன பாயிண்டு திறந்து மூடும். திறக்கிற நொடியில் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி ரோட்டர் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி போகும். பாயிண்டு எவ்வளவு திறக்கவேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஏறத்தாழ பதினைந்து தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. கேஜ் இல்லாதவர்கள் சிகரெட் பெட்டியின் அட்டையைக் கிழித்துச் சொருகிப் பார்ப்பார்கள். அதிலும் வண்டி ஓடத்தான் செய்தது. பாயிண்டின் முகம் நீலமாகக் கருகியிருந்தால் கோளாறு பாயிண்டில் இல்லை, கண்டன்சரில். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து நாலு நாளில் திரும்பி வருகிற ஆளுக்கும், கண்டன்சரை மாற்றிவிட்டு மறந்துவிடுகிற ஆளுக்கும் வித்தியாசம் அந்த நீலக் கறையைப் பார்ப்பதில்தான்.

ஜப்பான்காரன் காலத்துக் கதைகளும் அப்பா சொல்வார். அவர் அப்போது சின்னப் பையன். பெட்ரோல் கிடையாது, லோரியின் பின்னால் கரியடுப்பு மாட்டி, கரி வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். ரப்பரைக் காய்ச்சி வடித்தும் எண்ணெய் எடுத்தார்கள். டயருக்குப் போகவேண்டிய பால் எஞ்சினுக்குள் போன காலம். பிளக்கில் கரியும் பிசினும் படிந்து, ஓடின தூரத்தைவிட நின்று சுரண்டின நேரம்தான் அதிகம் என்பார்.

நான் மூன்றாம் படிவம் முடித்து 1979இல் ஒரு சீனர் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். சாலையோரத் தகரக் கொட்டகை, மண் தரை, நடுவில் ஒரு குழி. பேச்சு ஹொக்கியன், மலாய், தமிழ் மூன்றும் கலந்தது. முதலாளி தவுக்கேக்குக் கோபம் வந்தால் எந்த மொழி வரும் என்று சொல்லமுடியாது. அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது: “சாத்து-சாத்து, ஜாங்ஙான் சம்போர்.” ஒன்று ஒன்றாகச் செய், கலக்காதே. பிளக்கையும் வயரையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எது கெட்டிருந்தது என்று எப்போதும் தெரியாது. தெரியாதவன் அடுத்த வண்டியிலும் இரண்டையும் மாற்றுவான். அவன் சாமான் விற்கிறவன், மெக்கானிக் இல்லை. இது அவர் கருத்து. எனக்கும் அதுவே.

அவர் காட்டிய முறை இதுதான். எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, கைப்பிடிக்கு ரப்பர் போட்ட பிளையரால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் மோசமாகத் தடுமாறும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர். பிறகு அந்தப் பிளக்கை வெளியே எடுத்து முகத்தைப் பார்க்கவேண்டும். பால் ஊற்றிய தேநீர் நிறம் இருந்தால் அந்தச் சிலிண்டர் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. உலர்ந்த கறுப்பு மசி என்றால் பெட்ரோல் கூட, எண்ணெய்ப் பிசுபிசுப்பு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. பெட்ரோலில் நனைந்து வந்தால் தீப்பொறியே வரவில்லை என்று பொருள். அடுத்து, அந்தப் பிளக்கை நல்ல சிலிண்டருக்கு மாற்றிப் போடவேண்டும். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக்குதான் கோளாறு. போகாவிட்டால் வயரை மாற்றிப் பார். அதுவும் இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர். எல்லாம் நல்லது என்றால்தான் கம்ப்ரஷன் கேஜைக் கையில் எடுக்கவேண்டும். அமுக்கம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கவேண்டும்; ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து செத்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். மலிவானதில் தொடங்கி விலை கூடியதற்குப் போவது, சுலபமானதில் தொடங்கிக் கஷ்டமானதற்குப் போவது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை, பொறுமைதான் குறைவு.

அன்றைய வாடிக்கையில் பாதி ஃபெர்ரி தந்தது. பினாங்குக்குப் போகிற கார்கள் பட்டர்வொர்த்தில் வரிசை பிடித்து நிற்கும். விழாக் காலமென்றால் வரிசை நகரவே நகராது. எஞ்சினை அணைக்காமல் வெயிலில் நின்று நின்று பிளக்கில் கரி பிடித்துவிடும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிற குடும்பங்கள் அடுத்த நாள் காலையில் பட்டறை வாசலில் நிற்கும். நாலு பிளக்கையும் கழற்றிப் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, இடைவெளி வைத்து மாட்டினால் வேலை முடிந்தது.

1985 எங்கள் தொழிலை இரண்டு பக்கமும் மாற்றிய வருஷம். ஜூலை 9 அன்று புரோட்டோன் சாகா கார் வந்தது. அடுத்த சில வாரங்களில் பினாங்குப் பாலம் திறந்தது, மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் எட்டுக்கு மேல் கடலின் மேல். பிரதமர் மகாதீர் அந்தப் பாலத்தில் சாகா ஓட்டிப் போன படம் பத்திரிகையில் வந்தது. பாலத்தின் இந்தக் கரை பிறை. தீவிலிருந்து இறங்கித் தெற்கே திரும்புகிற வண்டியெல்லாம் ஜுரு வழியாகப் போகத் தொடங்கியது. தோட்டத்தை விட்டுப் பிறைத் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போன பிள்ளைகள் தவணைக்குச் சாகா எடுத்தார்கள். லயத்து வீட்டு வாசலில் நம்மவர் பேரில் ஒரு கார் நிற்பதைப் பார்த்தது பல குடும்பங்களுக்கு அதுவே முதல் தடவை.

சாகா, பேர்தான் மலேசியா. உள்ளே மித்சுபிஷி லான்சர் ஃபியோரே. ஒரியன் குடும்பத்து 1.3 லிட்டர் எஞ்சின், கார்புரேட்டர், நெருப்பு முறை 1-3-4-2. அப்பாவின் புகையிலை டின்னுக்கு அதில் வேலை இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தது, உள்ளே பாயிண்டு இல்லை. அந்த வேலையை எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று பார்த்துக்கொண்டது. பழைய ஆட்கள் வெறும் கையால் வயரைக் கழற்றிப் பழகியவர்கள். சாகாவில் அந்தப் பழக்கத்துக்கு நல்ல அடி விழுந்தது. இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும், கையை உதறித் தள்ளும். வயரை அந்தரத்தில் தொங்கவிட்டால் மின்சாரம் போக வழியில்லாமல் அந்தப் பெட்டியே கருகிவிடவும் கூடும். கழற்றிய வயரில் ஒரு பழைய பிளக்கை மாட்டி எஞ்சின் உடம்பில் படுகிற மாதிரி வைக்கவேண்டும் என்பதை ஆளுக்கு ஒரு பெட்டியை எரித்த பிறகுதான் இந்தச் சாலையோரப் பட்டறைகள் கற்றுக்கொண்டன.

சாகாக்கள் வயதாகத் தொடங்கிய 1990களின் பின்பாதியில், நான் தனியாகப் பட்டறை போட்டிருந்த சமயம், பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். அக்டோபர் மாதம், பினாங்கில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை நல்ல மழை. 

“அண்ணே, மழை பெஞ்சா மட்டும் வண்டி திக்குது. வெயில்ல ஒன்னுமே இல்ல.” 

“அப்ப பெட்ரோலு இல்ல டீச்சர், கரண்டு.” 

“இன்னொரு எடத்துல கார்புரேட்டர் கழுவிட்டாங்க, பிளக்கு மாத்திட்டாங்க. இப்ப எஞ்சின் இறக்கணும்னு சொல்றாங்க.” 

“ஒன்னும் இறக்க வேணாம். வண்டிய ராத்திரி வரைக்கும் விட்டுட்டுப் போங்க.”

இருட்ட வேண்டும் என்பதற்காகத்தான் ராத்திரி. விளக்கையெல்லாம் அணைத்து, பானெட்டைத் திறந்துவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, முடிவெட்டுகிற கடையில் வைத்திருப்பார்களே அந்தத் தண்ணீர்ப் புட்டி, அதால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் மேல் லேசாகப் பீய்ச்சினேன். உடனே எஞ்சின் திக்கியது. கேப்பின் மேல் ஒரு முனையிலிருந்து பக்கத்து முனைக்கு நீலப் பொறி ஊர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது. கழற்றி உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தால் பென்சிலால் கீறின மாதிரி மயிரிழைக் கோடு. பிளாஸ்டிக்கில் விழுந்த அந்த வெடிப்பில் கரி படிந்து மின்சாரத்துக்குப் பாதையாகிவிட்டது. உலர்ந்திருக்கும்போது அந்தப் பாதை பலவீனம், ஈரம் பட்டால் பிளக்குக்குப் போவதைவிட அதில் போவது சுலபம். புது கேப், ரோட்டர், நாலு வயர். முறையாக ஒன்று ஒன்றாக மாட்டி ஓட்டிப் பார்த்தேன். கேப்பை மாற்றியதுமே சரியாகிவிட்டது; வயர்களின் தோல் வெடித்திருந்ததால் அவரிடம் கேட்டுக்கொண்டு அவற்றையும் மாற்றினேன். எஞ்சினை இறக்கியிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று டீச்சர் கேட்டார். நான் சொல்லவில்லை.

மழை, உப்புக் காற்று, சூடு மூன்றும் சேர்ந்த இந்தக் கடலோரத்தில் கேப்பும் வயரும் சீக்கிரம் சாகும். குளிர் நாட்டில் எழுதின கையேட்டில் இது இருக்காது. கையேட்டில் இருப்பதும் இங்கே வேறு மாதிரி வரும். 1990களில் ஈயமில்லாப் பெட்ரோல் பரவியபோது பழைய மோரிஸ், ஆஸ்டின் வைத்திருந்தவர்கள் புது வகை மிஸ்ஸிங்கோடு வந்தார்கள். ஈயம் அதுவரை வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு மெத்தை போட்டு வைத்திருந்தது. அது போனதும் இரும்பு தேய்ந்து வால்வு உள்ளே இறங்கி, இடைவெளி அடைத்துப்போய், வால்வு முழுசாக மூடாமல் அமுக்கம் கசிந்தது. நின்று ஓடும்போது மிஸ்ஸடிக்கும், வேகம் பிடித்தால் சரியாகிவிடும். சாகாவிலும் வால்வு இடைவெளியைக் கவனிக்காமல் விட்டால் இதே கதைதான். எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்லெட்டுக்கு 0.15, எக்ஸாஸ்டுக்கு 0.25 மில்லிமீட்டர் என்பது நாங்கள் வைத்த கணக்கு. சத்தம் போடுகிறது என்று இறுக்கிவைக்கச் சொல்கிற வாடிக்கையாளர்கள் உண்டு. கொஞ்சம் சத்தம் போடுகிற வால்வு நல்ல வால்வு.

இங்கே வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜுரு ஆறு கடலில் சேரும் இடத்தில் கோலா ஜுரு என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஆற்றில் கலந்து மீன் செத்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அந்த மீனவர்களோடு நின்றது. பெரிய ஆலைகளைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். பட்டறைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. வடித்த கறுப்பு எண்ணெயை வேலிக்காலில் கரையானுக்கு ஊற்றினது போக மிச்சம் சாக்கடைக்குத்தான் போனது, சாக்கடை ஆற்றுக்குப் போனது. 1989இல் கழிவுச் சட்டம் வந்தது. 2005 சட்டத்தில் பழைய எஞ்சின் எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 305 என்று தனி எண்ணே கொடுத்தார்கள். இப்போது டிரம்மில் சேர்த்து வைத்தால் காசு கொடுத்து எடுத்துப் போக ஆள் வருகிறது. பெருமைப்பட ஒன்றுமில்லை, முன்பே செய்திருக்கலாம்.

1994இல் பெரோடுவா கன்சில் வந்தது. 660 சிசி, மூன்றே சிலிண்டர். அதில் ஒன்று செத்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும், ஏர்கான் போட்டுக்கொண்டு பாலத்தின் மேட்டை ஏறுவதற்குள் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துக் கொன்றுவிடுவார்கள். அதனால் கன்சில்காரர்கள் மட்டும் சீக்கிரம் பட்டறைக்கு வந்தார்கள். பிறகு பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் வண்டிகள், 2005இல் வந்த பெரோடுவா மைவி. மைவியில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில். வயர் கழற்றிப் பார்க்கிற வேலை அதோடு போயிற்று. இரண்டாயிரங்களில் ஜுரு நெடுஞ்சாலையோரம் ஆட்டோ சிட்டி எழும்பியது. கார் விற்கக் கட்டின இடம், இப்போது ஜனங்கள் அங்கே சாப்பிடத்தான் அதிகம் போகிறார்கள். தகரக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் கடைவீடுகளுக்கு மாறின. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வருகிற கார்களின் எஞ்சினை விற்கும் ஹாஃப்கட் கடைகள் பெருகின. மிஸ்ஸிங்கைத் தேடுவதைவிட எஞ்சினையே மாற்றுவது லாபம் என்று சொல்கிற காலமும் வந்தது.

இன்று பையன்கள் ஸ்கேனரைச் சொருகுகிறார்கள். திரையில் பி 0303 என்று வரும். மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். நல்ல கருவிதான், நானும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அது காட்டுவது எந்தச் சிலிண்டர் என்பதைத்தான், ஏன் என்பதை இல்லை. மைவியில் வால்வு மூடியின் சீல் தேய்ந்து பிளக்குக் குழிக்குள் எண்ணெய் இறங்கினாலும் 0303 வரும், காயில் கெட்டாலும் வரும், இன்ஜெக்டர் அடைத்தாலும் வரும். எண்ணைப் பார்த்துக் காயிலை மாற்றி அனுப்பினால், குழியில் எண்ணெய் இருக்கிறவரை புதுக் காயிலும் சாகும். நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பேரில் இருக்கிற தொழிற்பயிற்சிக் கழகம் போன்ற இடங்களில் படித்து வருகிற பையன்களுக்கு மின்சாரம் என்னைவிட நன்றாகத் தெரியும். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னால்தான் முகம் சுளிக்கிறார்கள். காயிலை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, எண் 0302 ஆகிறதா என்று பார். ஆகிவிட்டால் காயில் கெட்டது, ஆகாவிட்டால் வேறு இடம். தவுக்கேயின் சாத்து-சாத்துதான் இதுவும்.

முதல் சாகாவின் உற்பத்தி 2008இல் நின்றது, கன்சில் 2009இல். இரண்டும் இன்னும் இந்தச் சாலையில் ஓடுகின்றன. உங்களிடம் ஒன்று இருந்து மிஸ்ஸடித்தால் பட்டறைக்குப் போகும் முன் நாலு விஷயத்தைக் கவனித்துக்கொண்டு போங்கள்: காலையில் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடானபிறகா; மழையிலா, வெயிலிலுமா; நிற்கும்போதா, மேட்டிலா; கடைசியாகப் பிளக்கு எப்போது மாற்றினீர்கள். இதைச் சொன்னால் பாதித் தேடல் முடிந்துவிடும். மூன்று சாமானை ஒரே நாளில் மாற்றலாம் என்று சொல்கிறவரிடம் முதலில் ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். கழற்றின பழைய பிளக்கை எறிய விடாமல் கையில் வாங்கி, அதன் நிறத்தைப் பாருங்கள்.